பொங்கலுக்குப் பொங்கல் பட்டி பார்த்த சுவர்

போன வியாழக்கிழமை எங்கள் வீட்டைப் பரிசோதிக்கப் பங்காருபேட்டையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். வீட்டை விற்கப் போகிறோம். விற்றால்தான் பெங்களூரில் குடியேற முடியும். தினமும் விடியலில் அங்கே வேலைக்குப் போக ரயிலுக்கு ஓடும் கணவரால், மகள் விழித்திருக்கும்போது அவளைப் பார்க்க முடியும். வாங்குகிறவர் குறை சொல்வதற்கு முன் நாமே பார்த்துவிடலாமே என்று நான்தான் வரச் சொன்னேன்.

மாடி, ஸ்விட்ச், தண்ணீர்த் தொட்டி... எல்லாம் சரி. மகளின் அறையில் மட்டும் நின்றுவிட்டார். கட்டிலை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து ஜன்னல் வரை ஒரு விரிசல்.

"இது இன்னாம்மா?"

"ஏர் பிளாஸ்ட், தம்பி" என்றார் மாமனார். "சுரங்கத்துக்குள்ள கேஜ்ல இறங்குன ஆளு சொல்றேன். இந்த ஊர்ல விரிசல் இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும்; அதுதான் ஏர் பிளாஸ்ட். எந்தச் சுவரில் கோடு விழுந்தாலும் பழியை அதன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம்.

நானும் பொறுப்பான மருமகளாக, "பொங்கலுக்குப் பொங்கல் பட்டி பாத்து பெயின்ட் அடிச்சிடுறோம் சார்" என்றேன்.

அவர் திரும்பினார். "மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆவுதே. பழைய விரிசல்னா வருஷா வருஷம் ஏன் வாயப் பொளக்குது?"

சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

சுவருக்குப் பின்னால் குளியலறை. அடியில் குழாய் கசிந்து அஸ்திவாரம் இறங்கிக்கொண்டிருக்கிறதாம். "கட்டிலை இப்பவே நவுத்துங்க" என்றார்.

மகளுக்கு நான்கு வயது. அவள் தும்மினாலே தெர்மாமீட்டரைத் தேடுகிறவள் நான். குடிக்கிற தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைப்பேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவளைத் தினமும் படுக்கவைத்தேன்...

இரவு வந்த கணவர் விரிசலைத் தடவிப் பார்த்தார். "வாங்குறவங்ககிட்ட சொன்னா போய்டுவாங்க. பைப்பை மாத்திட்டு, பட்டி பாத்துடலாமா?" கேள்வியாகத்தான் கேட்டார்.

வாங்க இருந்தவர் பேத்தமங்களாவில் டீச்சர். போன மாதம் வந்தபோது அதே அறையில் நின்று, "எங்க பாப்பாவுக்கு இந்த ரூம்" என்றவர்.

மறுநாள் காலை அவருக்கு போன் செய்தேன். இரண்டு முறை மணி அடிக்கும் முன்பே கட் செய்து, மூன்றாவது முறை பேசினேன். விரிசல், குழாய், அஸ்திவாரம் — எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும், ஏன் சொன்னோம் என்றும் இருந்தது.



"உங்க பொண்ணு இப்ப எங்க படுத்துக்குறா?" என்று கேட்டார்.

வீடு வேண்டாம் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.