ஐந்து விரல் குறைவு

எங்கள் வங்கிக் காவலாளி குமாரதாஸ் அண்ணனோடு சேர்ந்து படம் பார்ப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் செல்போனைத் தண்ணீர்க் குப்பியில் சாய்த்து வைத்து ஏதாவது விண்வெளிப் படம் பார்ப்பேன். வேற்றுக்கிரகத்துச் சிப்பாய் ஒளி பாயும் துப்பாக்கியைத் தூக்குவான். உடனே என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"அது லேசரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மேடம். நம்ம பட்டாளத்து ஒம்பது எம்.எம். கார்பைன்லா. தோட்டா அடைக்கிற மேகசினை வெட்டிக் கட்டையாக்கி, மேலே ஒரு குழாயை ஒட்டிருக்கான். ஓட்டை ஓட்டையா அந்த உறை அப்படியே கிடக்கு, பாருங்க."

அதோடு படம் செத்துவிடும். அப்புறம் எனக்குக் கிரகமும் தெரியாது, கதாநாயகனும் தெரியாது. மேகசின் மட்டுந்தான் தெரியும்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் கருங்கல். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பதினேழு வருடம் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்தவர். யாரையும் சுட்டதில்லை. பிறர் சுட்டுப் பழுதாக்கியதைக் கழற்றி, துடைத்து, பூட்டிக் கொடுத்ததுதான் அவர் கண்ட போர். ஓய்வு பெற்றபின் சொந்த லைசென்ஸில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கி, இராஜாக்கமங்கலத்தில் எங்கள் கிளை வாசலில் ஒன்பது வருடமாக நின்றார். சட்டைப் பையில் ஒரு குட்டி டைரி. எந்தப் படத்தில், எத்தனையாவது நிமிடத்தில், எந்த நிஜத் துப்பாக்கிக்கு வேஷம் கட்டியிருக்கிறார்கள் என்று அதில் எழுதி வைப்பார். வீட்டில் அவர் மனைவி செல்லக்கனி அவரை டி.வி.க்கு முன்னால் உட்கார விடுவதில்லை. அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று சனிக்கிழமை. கல்லூரியில் படிக்கும் என் மகள் பிரீனா, சர்ச் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படத்தில் நடிக்கப் போயிருந்தாள். மயிலாடிக்குப் பக்கத்தில் கைவிட்ட கல்குவாரி ஒன்றுதான் அவர்களுடைய செவ்வாய்க் கிரகம். காலையில் அவள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். முகமெல்லாம் பச்சைச் சாயம், கையில் வெள்ளி நிறத் துப்பாக்கி, முனையில் குளியலறை ஷவர் தலை, பக்கவாட்டில் நீல விளக்கு. அண்ணனைச் சீண்டிப் பார்க்க ஆசை வந்தது.

"இது எந்த ஊர் கார்பைன், சொல்லுங்க பாப்போம்" என்று போனை நீட்டினேன்.

சிரித்துக்கொண்டே வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சிரிப்பு போய்விட்டது.

"மேடம், இது பைப்பு இல்ல. பைப்புக்கு எதுக்கு குதிரை?"

விசையை இழுத்தால் மேலிருந்து வந்து அடிக்கும் இரும்புக்குத்தான் குதிரை என்று பெயர். பெருவிரல் பட்ட இடத்தில் வெள்ளிப் பெயின்ட் தேய்ந்து, கறுத்த பழைய இரும்பு தெரிந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி.

"நாட்டுத் தோக்கு, நிஜத் துப்பாக்கியாக்கும். அந்தச் சிவப்பு, தீபாவளிக்குப் பிள்ளைக வெடிக்க பொட்டுக் கேப்பு. பொறி பறக்கட்டும்னு வச்சிருப்பானுவ. உள்ள மருந்து கிடந்தா அந்தப் பொறி போதும். பிள்ளைய கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டைரக்டர் எபின் படப்பிடிப்பு முடியும்வரை எல்லார் போனையும் ஒரு வாளியில் போட வைப்பான் என்று அவள் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. எபினைக் கூப்பிட்டேன். அவனும் எடுக்கவில்லை. அவன் போனும் அதே வாளியில்தான் கிடந்திருக்கும்.

அண்ணன் தன் துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை எடுத்தார். பெட்டக அறையில் வைத்துப் பூட்டச் சொல்லி மேனேஜரிடம் கொடுத்தார். காவல் நேரத்தில் வாசலை விட்டுப் போனால் ஏஜென்சிக்கு எழுத வேண்டிவரும் என்றார் மேனேஜர்.

"எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார்.

ஈத்தாமொழி தாண்டும் வரை ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டே போனேன். அவர் பின்னாலிருந்து என் போனில் மறுபடியும் மறுபடியும் பிரீனாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தாங்க முடியாமல் கேட்டேன்.

"சும்மா பழைய இரும்பா இருக்கலாம் இல்லியா அண்ணே?"

"இருக்கலாம். ஆனா மத்த தோக்கு மாதிரி இதைத் திறந்து பாக்க முடியாது மேடம். வாய் வழியா மருந்தைப் போட்டு, தேங்கா நாருச் சவுரி வச்சு இடிச்சு, மேலே ஆணி, குண்டுன்னு சில்லைப் போடுவான். ஒருக்கா இடிச்சா வெடிச்சோ, நனைச்சுத் தோண்டியோதான் காலி பண்ணணும். பன்னி வரும்னு இடிச்சு வச்சிட்டு, ஆளு செத்துப் போனா தோக்கு அப்படியே கிடக்கும். பத்து வருசம் ஆனாலும் நனையாத மருந்து சாவாது."

"வெடிச்சா?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனுஷன் அது. சுசீந்திரத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் பாலத்தை அடைத்து நின்றது. நான் வாயில் வந்த கெட்ட வார்த்தையை எல்லாம் சத்தமாகவே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நான். அந்த நிமிடத்தில் அது எதுவும் நினைவில் இல்லை.

குவாரிக்குள் ஸ்கூட்டர் இறங்கும்போதே பார்த்துவிட்டேன். பச்சைத் தண்ணீர்க் குட்டை ஓரம் என் மகள் மண்டியிட்டிருந்தாள். ஆறடி தள்ளி, அவளோடு நடிக்கும் சிஜின், அலுமினியத் தாள் சுற்றிய உடுப்பில். கிரகத்தில் காலடித் தடம் தெரியக்கூடாதென்று ஒரு பையன் ஈர்க்கு விளக்குமாறால் மண்ணைப் பெருக்கி முடித்துவிட்டு விலகினான். சிஜின் துப்பாக்கியை அவள் முகத்துக்கு நேரே தூக்கினான். நான் பிரேக் பிடிப்பதற்குள் அண்ணன் பின்னாலிருந்து குதித்தார்.

"தம்!"

பட்டாள மைதானத்தில் அணிவகுப்பை நிறுத்தச் சொல்லும் இந்திக் கட்டளை அது. குவாரிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அத்தனை பேரும் நின்ற இடத்தில் உறைந்தார்கள். சிஜின் மட்டும் திடுக்கிட்டுத் திரும்ப, துப்பாக்கியும் அவனோடு சேர்ந்து எங்கள் பக்கம் திரும்பியது. அவன் விரல் விசையில் இருந்தது.

அண்ணன் என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். இப்போது குரல் மிக மெதுவாக வந்தது.

"மக்கா, பயப்படாண்டாம். விரலைப் பைய வெளிய எடு. அப்படித்தான். தோக்குக்க வாயை வானத்தப் பாத்துத் தூக்கு. இன்னும் கொஞ்சம். நான் வாறேன், நீ அசையாம நில்லு."

பக்கத்தில் போய் வாங்கினார். குதிரையின் அடியில் இருந்த சிவப்புக் கேப்பை நகத்தால் சுரண்டி எறிந்தார்.

"என்ன ஆன்ட்டி இது? ஷாட்டு போச்சு" என்றான் எபின். அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

அண்ணன் ஷவர் தலையைத் திருகிக் கழற்றினார். விளக்குமாற்றிலிருந்து நீளமாக ஓர் ஈர்க்கை உருவி, குழலின் வாய்க்குள் விட்டார். அது போய் ஏதோ ஒன்றில் முட்டி நின்றது. வாயோரத்தில் ஈர்க்கை நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்து வெளியே எடுத்தார். கிள்ளிய இடத்தைக் குழலின் வாய்க்கு நேராகப் பிடித்து, ஈர்க்கை வெளிப்பக்கமாகக் குழலோடு சேர்த்து வைத்தார். காலிக் குழல் என்றால் ஈர்க்கின் நுனி குதிரை வரைக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடைவெளியில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். ஐந்து விரல்.

"இது யாருக்க தோக்கு?"

எபின் முகம் வெளிறிப்போனது. "அப்பாக்க தோக்கு. திற்பரப்பு வீட்டுல மரச்சீனிக் கிழங்கு தின்ன வாற பன்னிக்கு வச்சிருந்தாரு. அவரு செத்த பிறவு, ஸ்டேசன்ல கொண்டு குடுத்தா கேசாவும்னு அம்மா பரண்ல போட்டுட்டா. வெறும் இரும்புன்னுதான் நெனச்சேன் மாமா. காலையில ரெண்டு டேக்கு எடுத்தோம். ஒண்ணும் ஆவல்ல."

"விசையை இழுத்தியா?"

"இழுத்தோம். கேப்பு நமத்துப் போயி பொட்டி வெடிக்கல. அதான் இப்போ மயிலாடில போய்ப் புதுப் பாக்கெட்டு வாங்கிட்டு வந்தோம்."

இரண்டு தடவை. என் மகளின் முகத்துக்கு நேராக.

அண்ணன் குழலில் குட்டைத் தண்ணீரை ஊற்றி வெகுநேரம் ஊறவிட்டார். பிறகு ஒரு கம்பி கேட்டு வாங்கி, நுனியை வளைத்து, உள்ளிருந்ததைத் தோண்டி என் கைக்குட்டையில் கொட்டினார். சைக்கிள் பால்ரஸ் உருண்டைகள், உடைந்த ஆணித்துண்டுகள், சவுரி, கறுப்புச் சேறு. பிரீனா வந்து எட்டிப் பார்த்தாள். பச்சைச் சாயத்தில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது.

"ஏட்டி, தொடாதே" என்று சொல்லி அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். என் சேலை முழுக்கப் பச்சையானது.

அன்று சாயங்காலமே எபினின் அம்மா துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாள். வழக்கு நடக்கிறது. மேனேஜர் சொன்னபடியே எழுதினார். திங்கட்கிழமை எங்கள் வாசலில் வேறு ஒருவர் நின்றார். நான் மேனேஜரோடு சண்டை போட்டேன், ஏஜென்சிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. குமாரதாஸ் அண்ணனுக்கு என்னவோ கோபமே இல்லை. இப்போது ஒரு ரப்பர் கிடங்கில் வெறும் லத்தியோடு நிற்கிறார். படம் பார்க்க நேரம் அதிகம் கிடைக்கிறதாம்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் சர்ச் மண்டபத்தில் குறும்படத்தைத் திரையிட்டார்கள். அண்ணனைக் கட்டாயப்படுத்தி அழைத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். திரையில் பிரீனா மண்டியிட்டாள். சிஜின் துப்பாக்கியைத் தூக்கினான். அந்தத் துப்பாக்கி புதிதாகச் செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்தில் அண்ணன் வாயை இறுக்க மூடியிருந்தார். படத்தைக் கெடுத்துவிட்டார் என்று நான் எத்தனை வருடம் எரிந்து விழுந்திருக்கிறேன், அந்தப் பயம்.

"அண்ணே, அது என்ன தோக்கு?" என்று நானே கேட்டேன்.

"அது தோக்கே இல்ல மேடம். முக்கால் இஞ்சு பி.வி.சி. பைப்பு. குதிரை அட்டையில வெட்டி ஒட்டினது. உள்ள ஒண்ணும் கிடையாது, நானே ஈர்க்கு விட்டுப் பாத்தேன்."

முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி எங்களை முறைத்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க அண்ணே" என்றேன்.