உள்ளூர்க்காரர்களுக்கு அறை இல்லை

கிரிவலம் போகையில் மகளுக்குக் காய்ச்சலில் உடம்பு கொதித்தது. மழையும் பிடித்துக்கொள்ள, செங்கம் சாலையில் ஒரு விடுதிக்குள் ஓடினோம். மேனேஜர் என் ஆதாரைப் பார்த்தார்.

"கீழ்பென்னாத்தூரா? லோக்கல் ஆளுங்களுக்கு ரூம் தர்றதில்லம்மா. ரூல்ஸ்."

நான் பிறந்து வளர்ந்ததே அந்த ஊரில்தான். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. பிறந்த ஊரைக் காரணம் காட்டி ஹோட்டலில் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே இருப்பதை மகளின் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன்.

"இது யார் போட்ட ரூல்ஸுங்க?"

"தெரியலம்மா. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துது."

"நீங்க எந்த ஊருங்க?"

"வேங்கிக்கால். இங்க பக்கத்துலதாம்மா."

"அப்போ உங்களுக்கே இங்க ரூம் கிடைக்காதா?"

யோசித்தவர், சாவியை எடுத்து நீட்டினார்.

இப்போதெல்லாம் யாராவது 'ரூல்ஸ்' என்றால் நான் திரும்பிப் போவதில்லை. யார் போட்டது என்று கேட்கிறேன். இதுவரை ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.