மீன் தொட்டிக்குத் தோள் கொடுத்தவர்

வெட்கத்தால் பல வருடங்களாக இதை எழுதாமல் இருந்தேன்.

எங்கள் வீட்டு மீன் தொட்டிக்கு நானே மரத்தில் ஸ்டாண்ட் செய்தேன். குறுக்குச் சட்டம் அடித்தால் அழகு கெடும் என்று நான்கு கால்களோடு விட்டுவிட்டேன்.

தண்ணீர் நிரப்பிய அன்று, பக்கத்தில் மாலை நேர அஸர் தொழுகையைத் தொழுதுகொண்டிருந்தேன். மூன்று வயது மகள் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து மீன் பார்த்தாள். மரம் 'கிறீச்' என்றது. ஷைத்தான் கவனத்தைக் கலைக்கிறான் என்று எண்ணிப் பார்வையைத் தாழ்த்தினேன். மீண்டும் சத்தம். தொட்டி அவள் பக்கம் சாய்வது கடைக்கண்ணில் தெரிந்தது. அப்போதும் தொழுகையை முறிக்கப் பயந்து நின்றேன்.

வாசலுக்கு வந்த கிரான் ஊர்த் தயிர்க்காரர் தயிர்ச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தொட்டிக்குத் தோள் கொடுத்தார். அண்ணனைக் 'காக்கா' என்றழைக்கும் எங்கள் பக்கத்து வழக்கில் என்னைப் பார்த்துக் கத்தினார்:

"காக்கா, புள்ளயத் தூக்குங்க! கனநேரம் புடிக்க ஏலா!"

ஓடிப்போய் மகளை அள்ளினேன். அவர் விலகியதும் தொட்டி விழுந்து நொறுங்கியது.

"ஒரு குறுக்குச் சட்டம் அடிச்சிருந்தா மரம் கோவிச்சிக்குமா காக்கா?" என்றார், மூச்சு வாங்கியபடி.

உயிரைக் காக்கத் தொழுகையை முறிப்பது கடமை என்று மார்க்க அறிஞரான மௌலவி பிறகு சொன்னார். அந்தத் தோளை அனுப்பியவன் அல்லாஹ்தான்.

இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் அப்படியே சொல்லுங்கள். தொட்டி சாய்வதைக் கண்டும் நான் நின்றதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.