தண்ணீர் படாத வளையங்கள்

மோப்பக்காரி என்றுதான் உரத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர். பதினாறு வருஷமாக வால்வு திருப்புகிறவள். அம்மோனியா கசிந்தால் மீட்டர் முள் அசைவதற்குள் அவள் மூக்கு சுருங்கிவிடும். "வீட்ல ஒளிஞ்சு ஒரு சிகரெட் பிடிக்க முடியுதா?" என்று புருஷன் தெருவெல்லாம் புலம்புவான்.

கழிவு வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பிடிக்க மேனேஜர் ஒரு டவர் கட்டினார். முதலில் சாண் அகலக் கண்ணாடிக் குழாயில் பீங்கான் வளையங்களைக் கொட்டி, மேலிருந்து தண்ணீரும் கீழிருந்து வாயுவும் விட்டுப் பார்த்தார். துளி நாற்றம் இல்லை. அதே கணக்கை ஊதிப் பெருக்கி, இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத டவரை நிறுத்தினார். திறப்பு விழாவிலேயே விருந்தாளிகள் கண்ணைக் கசக்கினார்கள். "ஆனந்தக் கண்ணீர்" என்றார் மேனேஜர்.

"சார், பாதி வாயு அப்படியே வெளிய வருது" என்றாள் அவள்.

"கணக்கு சரியா இருக்கும்மா. உன் மூக்கைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

பத்து நாளில், தொழிற்சாலையை ஒட்டிய அவள் தெருவே ஜன்னலைச் சாத்தியது. "நீதானே அங்க வேலை பார்க்குற, போய் நிறுத்து" என்று மாமியார் சமையலறைக் குழாயை மூடச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒருவழியாக டவரை நிறுத்தினார்கள். உள்ளே நல்ல காற்று ஊதி, சோதித்து, இடுப்பில் பெல்ட் கட்டி, மேல் வாசல் வழியாக அவளை இறக்கினார்கள். தண்ணீர்க் குழாய் இருந்த பக்கம் வளையங்கள் மினுமினுத்தன. எதிர்ப்பக்கம் ஒரு பிடி அள்ளினாள். தூசி பறந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாண் அகலத்தில் எங்கே ஊற்றினாலும் எல்லா வளையமும் நனையும். இங்கே தண்ணீர் ஒரு பக்கச் சுவரைப் பிடித்தபடி சறுக்கிவிட்டது. வாயு என்ன முட்டாளா? காய்ந்த வழியாகக் கிளம்பிவிட்டது.

வளையங்களை மேனேஜர் மேசையில் கொட்டினாள்.

"உங்க டவர்ல எடுத்தது சார். ஈரம் இருக்கான்னு தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரல் சாம்பல் நிறமானது. "இப்ப என்ன பண்றது?"

"மேல பூரா ஓட்டைத் தட்டு வைங்க, எல்லா இடத்துலயும் சமமா சொட்டணும். பாதி உயரத்துல இன்னொண்ணு. அதுக்குள்ள சுவரோரம் ஒதுங்குற தண்ணிய அது மறுபடி பரப்பிவிடும்."

தட்டு சாயாமல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து அவளே பார்த்தாள். டவர் ஓடியது, மூக்கு சுருங்கவில்லை.

கம்பெனிப் பத்திரிகையில் மேனேஜர் படத்தோடு 'என் கண்டுபிடிப்பு' என்று கட்டுரை வந்தது. புருஷன் கொதித்தான்.

"விடுங்க" என்றாள் அவள். "உள்ள இறங்கிப் பார்த்தேன்னு வேற எழுதியிருக்காரு. அந்தத் தொப்பைக்கு டவரோட வாசலையே இடிச்சுல்ல கட்டணும்!"