சொல்லாமல் விட்ட கடைசி வரி

சூனியக்காரிக்குக் குரல் கொடுக்கும்போது மூச்சை வெளியே விட்டுப் பேசக் கூடாது. உள்ளே இழுத்துக்கொண்டே பேச வேண்டும். தொண்டை எரியும், இரண்டு வரிக்கு மேல் தாங்காது. ஆனால் கேட்பவருக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊறும்.

இந்த வித்தையைத் தானாகவே கண்டுபிடித்தவர் ஒரேடேக் அக்கா. இருபத்திரண்டு வருடமாக டப்பிங் பேசியவர். எந்த வசனத்தையும் முதல் தடவையிலேயே முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். மாமியார்கள், நர்ஸுகள், பற்பசை விளம்பரத்தில் பல்வலிக்காரி, ஒரு தடவை ஒரு பெண் கரடி என்று எல்லாமே பேசியாயிற்று. “ஸ்டுடியோவுலதான் ஒரே டேக். வீட்ல குழாயை மூடச் சொல்றதுக்கே எனக்கு நாற்பது டேக்” என்பார் அவருடைய கணவர். கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு பஸ் ஏறி, மெத்தை தைத்த சுவர்களுக்குள் நின்று முகம் தெரியாமல் பேசிவிட்டுத் திரும்பி வருவதுதான் அவர் வாழ்க்கை. தெருவில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியாது. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

சூனியக்காரி என்று ஒருத்தி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தப் பட்டம் சூட்டிக் கொல்லப்பட்ட பெண்கள்தான் இருந்தார்கள். இது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும், ஒரு சேனல் பழைய தேவதைக் கதைகளை ‘நவீனமாக’ எடுக்கப் போகிறது, சூனியக்காரிக்கு நீங்கள்தான் பேச வேண்டும் என்று அழைத்தபோது மகிழ்ச்சியாகவே போனார். வேலை என்றால் வேலைதானே.

கதை இதுதான். சித்தி ஒரு சிறுமியைக் கிணற்றில் தள்ளிவிடுகிறாள். கிணற்றின் அடியில் ஒரு சூனியக்காரி. “நான் சொல்லும்வரை வாயைத் திறக்காதே. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே” என்கிறாள். சிறுமி பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். கடைசியில் சூனியக்காரியே தோற்றுப்போய், “எழுந்திரு. உன் பயம் தீர்ந்தது. வெளியே போ” என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை, கேட்ட குழந்தை தூங்கிவிடும். கதை சொன்ன அந்தக் காலத்து மனிதர்களுக்குக் குழந்தையைப் பயமுறுத்தத் தெரிந்திருந்தது. ஏற்றிய பயத்தை இறக்கி வைக்கவும் தெரிந்திருந்தது.

தொலைக்காட்சித் தொடருக்கு இந்த இரண்டாவது வேலை ஆகாது. பயத்தை இறக்கிவிட்டால் அடுத்த வாரம் யார் பார்ப்பார்கள்?

“நிஜமான பயம் வேணும்கா” என்றார் டைரக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். எப்போதும் கறுப்புச் சட்டை. “நடிப்பு வேணாம். குழந்தை மூஞ்சில தானா வரணும்.”

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு மாடி உயரத்துக்கு பிளைவுட்டிலும் பைபரிலும் கிணறு செய்து, உட்புறம் பாசிக் கறுப்பில் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடியில் பக்கவாட்டில் ஒரு பொந்து, ஆள் வந்துபோக ஒரு சின்னக் கதவு. சுவருக்குள் ஸ்பீக்கரும் காமிராக்களும் மறைந்திருக்கும். ‘ஆக்‌ஷன்’, ‘கட்’ என்று யாரும் கத்தக் கூடாது. படப்பிடிப்புத் தளத்தின் கோடியில் இருந்த ஒலிப்பதிவு அறையிலிருந்து அக்கா பேசுவார், கிணற்றுக்குள் குரல் மட்டும் கேட்கும். குரலுக்குச் சொந்தக்காரியைக் குழந்தையின் கண்ணில் காட்டவே கூடாது.

குழந்தைக்கு எட்டு வயது. உடை பிரிவில் துணிகளுக்கு இஸ்திரி போடும் பெண்ணின் மகள். சிட்டு என்று கூப்பிடுவார்கள். பள்ளி லீவில் அம்மாவோடு வந்து துணிமூட்டைமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “இந்தக் கண்ணு போதும்” என்று டைரக்டர் பிடித்துப் போட்டுவிட்டார். இஸ்திரிக்காரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. இஸ்திரி போடுகிறவள் டைரக்டரிடம் வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் நம் உலகம் அவளை வைத்திருக்கவில்லை.

அன்று காலை டைரக்டர் சிட்டுவின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார்: “யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. நான் கூப்பிட்டாலும்தான். அந்தக் குரல் ‘வெளியே போ’ன்னு சொல்லும். அப்பதான் எந்திரிச்சு வரணும். நடுவுல வாயைத் திறந்து கெடுத்தேன்னு வை, அம்மாவுக்கு இங்க வேலை கிடையாது. சரியா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிட்டு சிரிக்கவில்லை.

படப்பிடிப்பு தொடங்கியது. அக்கா மூச்சை உள்ளே இழுத்தார். “வாயைத் திறந்தால் உன் அம்மாவையும் உள்ளே இழுத்துக்கொள்வேன்.” பழைய கதையில் இல்லாத வரி, ஆனால் தாளில் அப்படித்தான் இருந்தது. அறையின் சின்னத் திரையில், பொந்துக்குள் சுருண்டிருந்த குழந்தையின் முகம் வெளுத்ததை அவர் பார்த்தார். ‘நல்லா பண்ணுதே’ என்றுதான் நினைத்தார். பிறகு வெகு நாள் அவரைத் தூங்கவிடாமல் செய்த நினைப்பு அதுதான்.

அடுத்தது கடைசி வரி. மூச்சை இழுக்கப் போகும்போது ஹெட்போனில் டைரக்டர் குறுக்கிட்டார்.

“அக்கா, அது வேணாம். இங்கயே நிறுத்திடுவோம். சஸ்பென்ஸா இருக்கட்டும், வெளிய வர்றத அடுத்த வாரத்துக்கு இழுத்துக்கலாம்.”

“சரி தம்பி.”

திரை அணைந்தது. ஒலிப்பதிவுக்காரப் பையன் மேஜையைத் தட்டினான். “ஒரே டேக்!” அக்கா பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். குழந்தையை யாராவது கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று அவர் நினைத்தார். ‘கட்’ சொல்லும் பழக்கம் இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்கு நாலு பேர் கிணற்றுப் பக்கம் ஓடியிருப்பார்கள். சத்தமே இல்லாமல் முடிந்ததால், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து கேன்டீன் மேஜைக்கு இஸ்திரிக்காரம்மா வந்தார். கையில் மூடாத டிபன் பாக்ஸ்.

“அக்கா, சிட்டு உங்ககிட்ட வந்தாளா? சோத்தைப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கேன், ஆளையே காணோம்.”

“மேக்கப் ரூம்ல பாருங்கம்மா” என்றான் ஒலிப்பதிவுக்காரன். “லிப்ஸ்டிக்கைத் தின்னுட்டிருக்கும்.”

“அங்க பாத்துட்டேன் தம்பி. பாத்ரூம், மாடி, துணி ரூம், எல்லாம் பாத்துட்டேன். கேட்ல வாட்ச்மேன் எந்தக் குழந்தையும் வெளிய போகலைங்கிறார்.”

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு, மேஜைக்கு அடியிலும் ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

அக்காவுக்கு அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் ஏறியது. தளத்தின் பக்கமிருந்து விடாமல் ஒரு உறுமல்.

“என்ன சத்தம் அது?”

“பம்ப் செட்டுக்கா. மத்தியானம் பொம்மையை வெச்சு எடுக்கிற சீன்ல, கிணத்துல தண்ணி வேணுமே. அரை மணி நேரமா ஓடுது.”

அக்கா எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. “நான் சொல்லல” என்றார். யாருக்கும் புரியவில்லை. “அய்யோ, நான் அதைச் சொல்லவே இல்லையே!”

ஐம்பத்து நாலு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. கிணற்றைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தின் படிகளில் அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மேலே பம்ப்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நிறுத்துங்க! குழந்தை உள்ள இருக்கு!”

“உள்ள யாரும் இல்லம்மா. கதவை அடைக்கிறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தேனே. யாராச்சும் இருக்கீங்களான்னு ரெண்டு தடவை கத்துனேன். மூச்சு சத்தம்கூட இல்ல. அப்புறம்தான் தண்ணி கசியாம பசை போட்டு அடைச்சேன்.”

அக்கா குனிந்து பிளக்கைத் தானே பிடுங்கினார். உறுமல் நின்றது. கீழே கறுப்பாகத் தண்ணீர் அலைந்தது. பொந்து இருந்த பக்கம் மேலிருந்தும் தெரியாது, கதவு வழியாக டார்ச் அடித்தாலும் தெரியாது.

பின்னாலேயே ஏறி வந்த இஸ்திரிக்காரம்மா சுவர்மேல் கவிழ்ந்து, “சிட்டு! சிட்டும்மா! அம்மாடி!” என்று கத்தினார். கிணறு அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

கீழே நின்ற டைரக்டர், “அதான் பதிலே இல்லையே. இங்க இல்ல. வெளியே தேடுங்கப்பா, நேரம் ஆகுது” என்றார்.

பதில் இல்லாததால் குழந்தை அங்கே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அதே அமைதிதான் குழந்தை அங்கேதான் இருக்கிறது என்று அக்காவுக்குச் சொன்னது. உயிரோடு இருந்தால் பேசாது. உயிர் போயிருந்தாலும் பேசாது. இரண்டுக்கும் ஒரே மௌனம்.

அவர் சுவரைப் பிடித்துக் குனிந்து மூச்சை உள்ளே இழுத்தார். இருமல்தான் வந்தது. படியேறிய இரைப்பில் நெஞ்சு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. மறுபடி இழுத்தார். “எழு...” உடைந்துவிட்டது. ஒரே டேக்கில் முடிக்கும் மனுஷி. பக்கத்தில் இஸ்திரிக்காரம்மா, “என்னக்கா பண்றீங்க? என்ன பண்றீங்க?” என்று அவர் முந்தானையைப் பிடித்து உலுக்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றை ஒட்டவிட்டு, இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டார். பிறகு மெதுவாக இழுத்தார்.

“எழுந்திரு. உன் பயம் தீர்ந்தது. வெளியே போ.”

ஸ்பீக்கர் இல்லை, எதிரொலி சேர்க்கும் இயந்திரம் இல்லை. ஆனாலும் தளத்தில் நின்றவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தண்ணீர் சளக்கென்றது. கீழேயிருந்து நடுங்கிக்கொண்டு ஒரு சின்னக் குரல் கேட்டது.

“இப்ப பேசலாமா?”

பம்ப்காரர் ஏணிக்காகக் காத்திருக்கவில்லை. குழாயைப் பிடித்தபடியே உள்ளே சறுக்கினார். பொந்துக்குள் தண்ணீர் குழந்தையின் கழுத்துக்கு வந்திருந்தது. நுனிக்காலில் நின்றுகொண்டு, இரண்டு கைகளாலும் தன் வாயை அழுத்திப் பொத்தியபடியே இருந்தாளாம். மேலே தூக்கி வந்தபோது உதடு நீலமாக இருந்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் முதலில் கேட்டது இதைத்தான்:

“அம்மா, நான் பேசவே இல்ல. உன்னை இழுத்துக்கலல்ல?”

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தை அவர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. உள்ளே இழுத்து இரைக்கிற அந்த மூச்சைக் கேட்டதும், குரல் எந்த வாயிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் அலுவலக அறையில் ஒரு தாள் தயாராகிவிட்டது. ‘இடைவேளையில் குழந்தை விளையாட்டாகக் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டது. யார் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை. ஊழியர்கள் உடனடியாக மீட்டனர்.’ அழகான வாக்கியங்கள். எட்டு வயதுக் குழந்தையின் தலையில் பழியைத் தூக்கி வைக்க அவர்களுக்கு அரை நாள்கூடத் தேவைப்படவில்லை. எந்த விபத்திலும் மேலே இருப்பவனுக்குக் காயம் படாமல் எழுதிக் கொடுக்க எப்போதும் ஒரு பேனா தயாராக இருக்கிறது.

“குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே. ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். போடுங்கம்மா” என்றார் டைரக்டர். இஸ்திரிக்காரம்மா கையெழுத்துப் போட்டார். சிட்டுவைத் தன் முந்தானைக்குள் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டே போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது அக்கா, சாட்சியாக. பேனாவை வாங்கும்போது காலையில் குழந்தைக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும் இருந்தது: வாயைத் திறந்தால் வேலை போய்விடும். கணவர் வீட்டோடு இருக்கிறார். இதைவிட்டால் வேறு தொழிலும் தெரியாது.

“என்னக்கா யோசனை? ஒரே டேக்குல முடிங்க” என்றான் யாரோ ஒருவன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்: ‘குழந்தை விளையாடவில்லை. நாங்கள் சொன்னபடி கேட்டது. வெளியே வரச் சொல்லும் வரியை நாங்கள் வெட்டிவிட்டோம். பேசினால் அம்மாவை இழுத்துக்கொள்வேன் என்று சொன்னது நான்.’ அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளை டைரக்டர் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியாது. அக்காவை யாரும் அழைக்கவில்லை. முதலில் அந்தச் சேனல் அழைக்கவில்லை, பிறகு மற்றவர்களும் அழைக்கவில்லை. தொடர் நிற்கவில்லை. அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்ததை வெட்டி ஒட்டி, சூனியக்காரியைப் பல வாரம் பேச வைத்தார்கள். சிட்டுவின் வெளுத்த முகத்தையும் ஒளிபரப்பினார்கள். ‘என்ன தத்ரூபமான நடிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கிணற்றுச் சம்பவம் நடந்து பத்து நாள் கழித்து அக்கா இஸ்திரிக்காரம்மா வீட்டுக்குப் போனார். ஒரே அறைதான். சிட்டு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அக்கா பக்கத்தில் போகவில்லை. வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் சொன்னார்:

“அது பேய் இல்லடா. வெறும் மூச்சு. எல்லாரும் வெளிய விடுறப்ப பேசுவாங்க. நான் உள்ள இழுக்கிறப்ப பேசினேன். அவ்வளவுதான் விஷயம்.”

செய்தும் காட்டினார். ஆனால் சூனியக்காரியின் வசனம் எதையும் சொல்லவில்லை. “ரெண்டு ரூபாய்க்குக் கொத்தமல்லி குடும்மா” என்றார். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன ‘க்ஹ்’. இருமல். மறுபடி ஒரு ‘க்ஹ்’. “கொ... கொத்தமல்லி.” இஸ்திரிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழவும் செய்தார்.

இப்போது சிட்டு அக்காவை “பெரியம்மா” என்று கூப்பிடுகிறாள். வாரம் ஒரு நாள் அவர் வீட்டுக்கு வருகிறாள், அவருடைய கணவரிடம் வம்பு பண்ணுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் அடுத்த அறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் வருவதில்லை. சரியாக ஒரு மூச்சு நேரம் ஆகிறது. பேசலாமா என்று யாரிடமோ கேட்டு முடிக்கிற நேரம். அது வரைக்கும் அக்கா, கையில் பிடித்த பாத்திரத்தோடு, அசையாமல் நிற்கிறார்.

“சிட்டு!”

“...”

“இதோ வந்துட்டேன், பெரியம்மா.”