பிழை பூஜ்ஜியம், மோட்டார் கருகியது

கோச்சடையில் ஒரு மாடி அறையில் இருந்தது எங்கள் கம்பெனி. கிணற்று மோட்டாரைச் செல்ஃபோனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்து விற்றோம். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியில் பெட்டி விழித்திருக்கும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமைச் சரிபார்ப்பது என் வேலை. கைவசம் ஸ்டேட்டிக் அனாலிசிஸ் கருவி ஒன்று இருந்தது. புரோகிராமை ஓட்டாமலே வரி வரியாக வாசித்து, சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் எச்சரிக்கை போடும். பாதி வீண் புலம்பல். முதலாளிக்கோ மொத்தமும் பூஜ்ஜியமாக வேண்டும். கொஞ்சம் திருத்தினேன், மிச்சத்தை 'கண்டுகொள்ளாதே' என்று குறித்து அதன் வாயை அடைத்தேன். பூஜ்ஜியம் வந்தது. 'பிழையே இல்லாத பெட்டி' என்று முதலாளி நோட்டீஸ் அடித்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எதிர் மேசையில் இருந்த பெண் மாடல் செக்கிங் கட்சி. பெட்டி எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், ஒன்றிலிருந்து எதற்குப் போகலாம் என்று ஒரு வழி விடாமல் நடந்து பார்க்கும் முறை அது. தப்பான நிலைக்கு வழியிருந்தால் படிப்படியாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எங்கள் முழுப் புரோகிராமையும் கொடுத்ததும் நிலைகள் பெருகிப் பெருகி, கம்ப்யூட்டர் மெமரி தீர்ந்து நின்றது.

"என்னம்மா, நிரூபிச்சிருச்சா?" என்று தினமும் சீண்டுவேன்.

"உங்க பூஜ்ஜியம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ணே" என்பாள்.

ஒருநாள் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு விவசாயி அம்மா டவுன் பஸ்ஸில் வந்து, பெட்டியை முதலாளி மேசைமேல் வைத்தார்.

"மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கரண்ட் போயிருச்சு. போதும்னு போன்ல ஆஃப் போட்டேன். கரண்ட் வந்ததும் அதுபாட்டுக்கு ஓடுது. கிணத்துல இருந்த அம்புட்டுத் தண்ணியும் தீந்து, மோட்டார் காயில் கருகிப்போச்சு."

"பட்டனைச் சரியா அமுக்குனீங்களாம்மா?" என்றார் முதலாளி.

"எனக்கு அமுக்கத் தெரியும். ஒங்க பெட்டிக்குத்தேன் கேக்கத் தெரியல."

அந்த அம்மா போனதும் நானும் எதிர் மேசைப் பெண்ணும் வேண்டாவெறுப்பாகச் சேர்ந்து உட்கார்ந்தோம். மோட்டாரைத் தொடும் வரிகள் எவையெவை என்று என் கருவி பொறுக்கிக் கொடுத்தது, மற்றதை வெட்டினோம். மிஞ்சிய சின்னப் புரோகிராமை அவள் கருவி டீ ஆறுவதற்குள் நடந்து முடித்து விடை சொன்னது: மோட்டார் ஓடுகிறது, கரண்ட் போகிறது, ஆஃப் வருகிறது, கரண்ட் திரும்புகிறது, பழைய நிலையிலிருந்து மோட்டார் மறுபடி ஓடுகிறது. அந்த அம்மா நின்றபடியே சொல்லிவிட்டுப் போனதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இவ்வளவு படிப்பு தேவைப்பட்டது.

ஆஃப் வந்த படியில் காட்டிய வரியைத் திறந்தேன். 'ஆஃப்' என்று குறித்துவைக்கும் வரி. 'இங்கே எழுதிவைப்பதை வேறெந்த வரியும் வாசிப்பதில்லை' என்று என் கருவி அன்றே எச்சரித்திருக்கிறது. கீழேயே என் கைவண்ணம்: கண்டுகொள்ளாதே. அவள் பார்த்தாள், சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

திருத்தினோம். அந்த அம்மாவுக்குப் புதுப் பெட்டியும், எங்கள் செலவில் புதுக் காயில் கட்டிய மோட்டாரும் போய்ச் சேர்ந்தன.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு கருவில எது போதும்?"

"அண்ணனோடது எல்லா வரியையும் மேலோட்டமாப் பாக்கும். என்னோடது கொஞ்சத்தைத்தான் பாக்கும், ஆனா ஒரு வழி விடாது. ரெண்டும் வேணும் சார்" என்றாள் அவள்.

நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரி, ரெண்டுக்கும் ஒரே ஆளு போதும்ல?"

"முடியாது சார்" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.