தூண் மறைவில் பவுலின்

எங்கள் சந்தில் பாதி வீட்டுப் பெண்கள் மில்லுக்குப் போகிறவர்கள். காலைச் சங்கு ஊதியதும் அவர்கள் ஓடுகிற சத்தத்தில்தான் ஸ்ரீராம்புரத்தின் மற்ற வீடுகள் விழித்துக்கொள்ளும். அப்படி ஓடுகிறவர்களில் ஒருத்தி பவுலின் அக்கா. அவள் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டாள் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. அவளுக்கு நேர்ந்தது அந்த மில்லில் எந்தப் பெண்ணுக்கும் நேரக்கூடியது. நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மர்பி டவுனில். ஹெர்பர்ட் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அண்ணன் ரயில்வே குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவர். ஒரு நாள் அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது. அதன் பிறகு உட்கார்ந்து செய்கிற வேலைதான், அதுவும் கிடைத்தால். ஆகவே அந்த வீட்டு அடுப்பு அக்காவின் மில் வேலையை நம்பித்தான் எரிந்தது.

மில்லில் அவள் இருந்தது ரீலிங் பிரிவு. பாபினில் இருக்கிற நூலைச் சுழலும் சட்டத்தில் சுற்றி, சிட்டம் சிட்டமாகக் கழற்றி எடுக்க வேண்டும். அங்கே பெண்கள் மட்டும்தான். யுத்தம் தொடங்கிய பிறகு இயந்திரங்கள் ஓய்வதே இல்லை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. பெண்கள் கைச்சாடையால் பேசிக்கொள்வார்கள். காதைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம்.

மேஸ்திரியின் பெயர் ஞானசேகரன். வேலைக்கு எடுப்பது, வெளியே அனுப்புவது, லீவு கொடுப்பது எல்லாம் அவர் வாய்ச்சொல். யாராவது ஆபீசுக்குப் போக வேண்டுமானால்கூட அவர் வழியாகத்தான் போக வேண்டும். மானேஜர் துரையின் முகத்தைப் பெண்கள் தூரத்தில் பார்த்ததோடு சரி.

பவுலின் அக்காவுக்கு இது நேர்ந்ததற்கு முந்தின வருஷம் பிரிஜெட் என்பவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. மேஸ்திரி திட்டவில்லை, சிரித்துக்கொண்டே, "வீட்டுக்குப் போ தாயி. பெத்துட்டு வா, பாக்கலாம்" என்றார். அவள் பெற்றுவிட்டு வந்தபோது அவளுடைய ரீலில் வேறொரு பெண் நின்றாள். பிரிஜெட் இப்போது சிட்டி மார்க்கெட்டில் வெங்காயம் சலிக்கிறாள்.

அதிலிருந்து பெண்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். யாராவது உண்டானால், அவளைப் பெரிய தூணுக்குப் பின்னால் இருக்கிற ரீலுக்கு மாற்றிக்கொள்வார்கள். மேஸ்திரியின் மேஜையிலிருந்து பார்த்தால் அந்த ரீல் தெரியாது. புடவையை ஏற்றி, அகலமான துணியை இறுக்கி வைத்துக் கட்டிவிடுவார்கள். பாபின் கூடையை மற்றவர்கள் தூக்கிக் கொடுப்பார்கள். வலி கண்ட அன்றுதான் வீட்டுக்குப் போவது. பெற்ற பிறகு சில நாட்களிலேயே, காய்ச்சலில் படுத்திருந்ததாகச் சொல்லித் திரும்பி வந்துவிட வேண்டும். ஒருத்தி அப்படி வந்து ரீலின் மேலேயே சுருண்டு விழுந்திருக்கிறாள். ஆனால் வேலை போகவில்லை.

பவுலின் அக்காவும் தூண் மறைவுக்குப் போனாள்.

ஒரு நாள் ஞானசேகரன் அந்த வரிசை ரீல்களை நிறுத்தச் சொல்லிவிட்டு நேரே தூண் பக்கம் வந்தார்.

"என்ன பவுலின், ஒடம்பு பூசினாப்புல இருக்கு. விசேஷமா?"

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி. வாயு."

"வாயுவா! வீட்டுல கடலை மூட்டையா எறக்கி வெச்சிருக்கே?"

பக்கத்து ரீலில் ஃபாத்திமா இருந்தாள். அந்தப் பிரிவிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். "அரே மேஸ்திரி, ராகி முத்தை துன்னா எல்லாருக்கும் இப்படித்தான். எங்க ஊட்டுக்காரரு வயித்த வந்து பாருங்க. அவருக்கும் விசேஷம்னு சொல்வீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "சரி. மாதா மேல சத்தியமா சொல்லு" என்றார்.

அக்கா கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைத் தொட்டு, இல்லை என்று சத்தியம் செய்தாள். ஃபாத்திமாவும் இன்னும் சில பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், பொய்ச் சத்தியம் செய்த வாயால் சாமியார் தருகிற நன்மை அப்பத்தை வாங்க அக்கா எழுந்திருக்கவில்லை. ஹெர்பர்ட் அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்தே இருந்தாள்.

அடுத்த சில நாட்களில் டோரீன் வந்தாள். நகரசபை நர்ஸ். சந்து சந்தாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிறவள். அக்காவின் இடுப்பில் துணி இறுக்கிய தழும்பைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வயித்துல புள்ளையா, மூட்டையா? இந்தக் கட்டு எதுக்கு? மில்லுல நோட்டீஸ் குடுத்துட்டியா இல்லியா?"

"நோட்டீஸ் அவங்கதானே குடுப்பாங்க, போகச் சொல்லி?"

"ஐயோ, நீ குடுக்கணும்மா! ஆபீஸ் வாசல்ல பலகை மாட்டியிருக்கணுமே, பாத்ததே இல்லியா?"

"கன்னடத்துல ஒண்ணு இருக்கு. எச்சி துப்பாதேன்னு போட்டிருக்குன்னு பிரிஜெட் அக்கா சொன்னாங்க. அதனால நாங்க யாரும் அந்தப் பக்கம் துப்புறது இல்ல."

டோரீன் சிரித்துவிட்டாள். பிறகு பெட்டியை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். மில் வேலை செய்கிற பெண்களுக்காக மைசூர் சர்க்கார் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் அவள் வேலைக்கு வராமல் இருக்கலாம். அந்த நாட்களுக்கு ஒரு தொகையும் உண்டு. அவள் அப்படி வீட்டில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கக் கூடாது. ஆனால் முன்கூட்டியே எழுத்து மூலமாக மில்லுக்கு அவள் தெரிவித்திருக்க வேண்டும்.

வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பெண்கள் மறைத்தார்கள். வேலையைக் காப்பாற்றும் சட்டமோ மறைக்காமல் சொல்லச் சொல்கிறது. இத்தனை நாள் இவர்கள் தூணுக்குப் பின்னால் மறைத்து வைத்தது வயிற்றை மட்டுமல்ல, சட்டம் தந்த உரிமையையும்தான். பெண்கள் எழுதிக் கொடுக்கும் முன்பே அவர்களைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவிட மேஸ்திரி ஏன் அவசரப்பட்டார் என்பதும் அக்காவுக்கு அன்றுதான் புரிந்தது.

டோரீன் அப்போதே ஒரு தாளில் எழுதி, அக்காவின் கைநாட்டை வாங்கி, தானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "நாளைக்கே குடு" என்றாள்.

அக்கா மறுநாள் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கொடுக்கவில்லை. தாள் ரவிக்கைக்குள் இருந்தது. வேர்வையில் மை பரவிவிடுமோ என்று நினைவு வரும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கே" என்றார் ஹெர்பர்ட் அண்ணன். "சட்டம் புள்ளத்தாச்சிக்குத்தான் பவுலின். பொய் சொன்னதுக்கு வெளிய போன்னு மேஸ்திரி சொன்னா, அதுக்கு என்ன சட்டம் இருக்கு?"

ஃபாத்திமாவின் பயம் வேறு. "உனக்கு ஆமாம் போட்டது நானு. உன்னோட என்னையும் அனுப்பிடுவான். நக்கோ அக்கா, குடுக்காத."

இதற்குள் இன்னொரு வதந்தி கிளம்பியது. அக்கா பேறுகாலத்துக்கு மர்பி டவுனில் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தாள். மர்பி டவுன் தண்டுப் பக்கம், வெள்ளைக்காரர் அதிகாரத்தில் இருக்கிற கன்டோன்மென்ட். மில் இருப்பது மகாராஜாவின் எல்லையில். குழந்தை தண்டில் பிறந்தால் மைசூர் சட்டம் செல்லாதாம் என்று குழாயடியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அக்கா பதறிப்போய் டோரீனைத் தேடி ஓடினாள்.

"மில்லு எங்க நிக்குதோ அந்தச் சட்டம்தான். புள்ள ரயில்ல பொறந்தா என்ன, தண்டுல பொறந்தா என்ன? தாளைக் குடுத்தியா?"

"இல்ல."

"அப்ப எந்தச் சட்டமும் இல்ல, போ."

அந்த வாரக் கடைசியில் மேஸ்திரி ஓர் இளம்பெண்ணைத் தூண் பக்கம் அழைத்து வந்தார். அவருடைய அக்கா மகள். "இவளுக்குக் கொஞ்சம் கத்துக்குடு பவுலின். நூல் அறுந்தா எப்படி முடிச்சுப் போடறதுன்னு காட்டு" என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. பிரிஜெட்டிடமும் இப்படித்தான் பேசினார் என்று அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு முடிச்சுப் போடக் காட்டும்போது நூல் இரண்டு முறை அக்காவின் கையை விட்டு நழுவியது.

சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் அக்கா சோற்றுத் தூக்கைத் தொடவில்லை. இடுப்புத் துணியை அவிழ்த்துச் சுருட்டி ஃபாத்திமாவிடம் கொடுத்தாள். புடவையை வயிறு தெரிய இறக்கிக் கட்டிக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி ஆபீசுக்கு நடந்தாள். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் கஸ்தூரிரங்கன் மட்டும் இருந்தார். தாளை விரித்துப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"மேஸ்திரி சைன் எல்லி? அது இல்லாம நான் எப்படி எடுத்துக்கறது?"

அக்கா பதில் சொல்வதற்குள் ஞானசேகரனே வந்து நின்றார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"சார், இவ பொய்க்காரி. மாதா மேல கை வெச்சு இல்லைன்னு சத்தியம் பண்ணினா. சாட்சி இருக்கு. இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்புங்க."

ஹெர்பர்ட் அண்ணன் சொன்னது அப்படியே நடக்கிறது என்று நினைத்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ரைட்டர் பேனாவை மசியில் தோய்த்தார். "சரி, எழுதிக்கறேன். பொய் சொன்னா. எதைக் கேட்டதுக்குப் பொய் சொன்னா?"

"உண்டாகியிருக்கியான்னு கேட்டேன்."

"எதுக்குக் கேட்டீர்?"

"தெரிஞ்சிக்கத்தான்."

"தெரிஞ்சுண்டு?"

மேஸ்திரி ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார்.

"சொல்லும் ஐயா. தெரிஞ்சா என்ன பண்றதா இருந்தீர்? சர்க்கார் லேபர் ஆபீசர் வந்து இதைப் படிச்சா மொதல்ல என்னைத்தான் கேப்பார். எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு. எழுதட்டுமா, வேண்டாமா?"

ஞானசேகரன், "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அக்காவைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆயித்து" என்று ரைட்டர் தாளில் முத்திரை குத்தினார். "மானேஜர் துரை பாக்கணும். அதுவரைக்கும் வேலைக்கு வந்துண்டிரு. மேஸ்திரிகிட்ட வாய் குடுக்காத."

துரை என்ன சொல்வாரோ என்று காத்திருந்த நாட்கள்தான் மிக மோசம். ஒவ்வொரு காலையும் அக்கா, கேட்டில் காவல்காரர் தன்னை நிறுத்தப் போகிறார் என்று எண்ணியே உள்ளே போனாள். கடைசியில் துரை ஒன்றும் கேட்கவில்லை. தாளில் அவர் கையெழுத்து விழுந்தது, அவ்வளவுதான். பயந்தபடி ஃபாத்திமாவையும் யாரும் அனுப்பவில்லை. சாட்சியைக் கூப்பிட்டால் மேஸ்திரியின் கேள்வியும் வெளியே வருமே!

மர்பி டவுனில் பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலை ஆட்டும்போதும் அக்காவுக்கு நினைவெல்லாம் ரீலில்தான். போனவள் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றதை அந்த மில்லில் யாரும் பார்த்ததில்லை.

திரும்பிப் போன அன்று காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். தூண் மறைவு ரீலில் மேஸ்திரியின் அக்கா மகள் இல்லை, வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஞானசேகரன் தம் மேஜைக்கு நேர் எதிரே இருந்த ரீலைக் காட்டினார். நாள் முழுக்க அவர் பார்வை படுகிற இடம். அக்கா அங்கே போய் நின்றாள். இனி ஒரு நூல் அறுந்தாலும் அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே பாபினைப் பொருத்தினாள்.

பிறகுதான் தூண் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஃபாத்திமா நின்றிருந்தாள், புடவையை ஏற்றிக் கட்டிக்கொண்டு.

இரண்டு பேருடைய கண்களும் சந்தித்தன. ஃபாத்திமா அவசரமாகக் காதைத் தொட்டாள். மேஸ்திரி அக்காவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி ஆபீஸ் இருக்கும் பக்கத்தைக் காட்டினாள். அந்தச் சாடை பெண்களிடம் அதுவரை இருந்ததில்லை. ஃபாத்திமாவுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அக்கா கையை இறக்கவில்லை.